கைப்பை மட்டும்

அதிகாலை மூன்று ஐம்பது.
கோட்டை நிலையத்தில் இறங்கியாயிற்று,
சொன்ன நேரத்துக்கும் பத்து நிமிடம் முந்தி.
வெள்ளவத்தைக்கு முதல் ரயில்
ஐந்து மணிக்குப் பிறகுதான்.
மிச்சம் பிடித்த நேரத்தை
மடியில் வைத்துக்கொண்டு
இரும்பு வாங்கில் இருக்கிறேன்.

டிக்கட் மலிவு. உண்மையிலேயே மலிவு.
பழைய கட்டணத்தில் பாதிக்கும் கீழே.
மீதியைப் பொடி எழுத்தில் கேட்டிருந்தார்கள்:
யன்னலோரம் என்றால் தனித் தொகை,
தண்ணீர் தனி, போர்வை தனி,
பெட்டி கொண்டுவந்தால்
பெட்டியின் விலையை விடக் கூட.

நான் கணக்காய்வுக் கந்தோரில் வேலை.
வவுச்சரில் ஐந்து ரூபாய் பிசகினாலும்
ஆளைக் கூப்பிட்டு நிற்கவைப்பவள்.
விடுவேனா?
வவுனியாவில் வைத்தே
இரண்டு சுடிதார்,
அதன்மேல் தங்கச்சியின் எழுத்துக்குக் கட்டிய சேலை,
அதன்மேல் மழைக்கோட்டு,
கோட்டுப் பைகளில் சார்ஜர், சீப்பு,
பதினான்கு பயத்தம்பணியாரம்.

வாசலில் நின்ற பெட்டை
என் கைப்பையை
ஓர் இரும்புக் கூட்டுக்குள் இறக்கி அளந்தாள்.
சரி, போங்கள்.
என்னை இறக்கி அளக்க
அவளிடம் கூடு இருக்கவில்லை.

பக்கத்து ஆசனத்தில் நஃபீல் என்றொருவர்.
கழுத்தைச் சுற்றி நான்கு கொலர்.
மேல்சட்டையின் விலைச்சீட்டு
காதடியில் ஆடிக்கொண்டிருந்தது.
விற்காத சாமானாம்,
புறக்கோட்டைக்கே திரும்புகிறதாம்.
நான் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தேன்.
அவர் என்னை.
சிரிக்கத்தான் இடம் போதவில்லை,
முழங்கால் நான்கும்
முன் இருக்கையில் முட்டிக்கொண்டிருந்தன.

அநுராதபுரம் ஒரு வெளிச்சக் கீறல்.
மாகோ அதுவுமில்லை.
பழைய ரயிலில்
மாகோவில்தான் வடைக்கூடை ஏறும்.
இதில் கதவே திறப்பதில்லை.
அந்த வடையால் எனக்கு இரண்டு தரம்
வயிறு கெட்டதையும்
எழுதத்தான் வேண்டும்,
கணக்கென்றால் கணக்கு.

குளிர் மட்டும் இலவசம்.
கூரையிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது.
எதிரே ஒரு பொடியன்,
விதிப்படி ஒரே பை, விதிப்படி ஒரே டீசேர்ட்,
பல் கிடுகிடுக்கிறது.
நஃபீல் எழும்பினார்.
ஒரு சட்டையைக் கழற்றினார்.
ஐயோ எவ்வளவு நல்ல மனுசன் என்று
நான் நினைத்து முடிப்பதற்குள்
விலைச்சீட்டைக் காட்டி
முழு விலைக்கு விற்றார்.
பொல்காவலை தாண்டும்போது
கொலர் இரண்டு.

இப்போது கோட்டையில்
காற்று அசையவில்லை.
பட்டு முதுகோடு ஒட்டிவிட்டது.
சேலையைக் கழற்றுகிற இடமா இது?
முச்சக்கரவண்டிக்காரன் வந்து
வெள்ளவத்தைக்கு ஒரு தொகை சொன்னான்,
நான் மிச்சம் பிடித்ததை
யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டதுபோல்
அதே தொகை.
வேண்டாம் தம்பி, இருக்கிறேன்.

ஒரே நாளில் போய்வர முடிந்தது.
தங்கச்சி கையொப்பம் வைக்கும்போது
பேனை நடுங்கியதைப்
பக்கத்தில் நின்று பார்த்தேன்.
பழைய ரயிலென்றால் லீவு கிடைத்திராது,
வீடியோவில்தான் பார்த்திருப்பேன்.
இதை வரவில் போடுகிறேன்,
மறுபேச்சில்லை.

ஆனால் புறப்படும்போது
ஒரு தேசிக்கன்று கொண்டுவந்தாள்,
ஷொப்பிங் பைக்குள் ஈர மண்ணோடு.
உன் பல்கனியில் வை அக்கா என்றாள்.
கன்றுக்கும் காசடி என்றேன்.
எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
திரும்பிப் பார்த்தபோது
மேடையில் அவள்
இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி.
உடுத்திக்கொண்டு வர முடியாத சாமான்.

நாலு ஐந்து.
அடுத்த வாங்கில் நஃபீல்
மிஞ்சிய சட்டைகளில் ஒன்றை மடித்துத்
தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்.
பணியாரம் ஒன்றை எடுத்தேன்,
நசிந்து மாவாகி இருந்தது.
கோட்டுப் பையைத் திருப்பி உதறி
உள்ளங்கையில் கொட்டித்
தின்றுகொண்டிருக்கிறேன்.