எழுபத்திரண்டு பல்

பெட்டியைத் திறந்து நீட்டிய ரெஜினோல்ட்
"கண்ணால பாக்காத, காதால பாரு" என்றான்.
அச்சைப் பிடித்துச் சுண்டினேன்.
மல்லியப்புச் சந்தியில் மூன்று பஸ் ஹோர்ன் அடித்தும்
கேட்டது:
மணலைத் தகரத்தில் சலிக்கும் சத்தம்.
சலிப்பறையில் எட்டு மணி நேரம் நிற்கிற காது என்னுடையது.
இது நல்ல சலிப்பு.

நூற்றெட்டுப் பல்.
மிதியை மூன்று பாகை அசைத்தால் போதும், பிடித்துவிடும்.
என் பழையதில் முப்பத்தாறு.
பத்துப் பாகை வெறுமனே போய்
அப்புறம்தான் சங்கிலிக்கு உயிர் வரும்.
பத்துப் பாகை என்ன பெரிய தூரமா என்பவர்
பணியக்கணக்குக் குறுக்கில்
கல்லும் வேரும் படியாகிற இடத்தில்
ஒருமுறை மிதித்துப் பார்க்கட்டும்.
போன வருடப் பந்தயத்தில் நான் விழுந்தது
அந்தப் பத்துப் பாகைக்குள்தான்.
முழங்காலில் அதன் அளவு இருக்கிறது.

வண்டிக்காரர்கள் இதற்குக் குடம் என்று பேர் வைத்தார்கள்.
பீலியில் நிரப்பி இடுப்பில் வைக்கிற குடத்துக்கு
ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது.
இந்தக் குடத்துக்கு
ஒரு சொட்டு உள்ளே வரக் கூடாது.
லிந்துலையில் வைகாசி பிறந்துவிட்டால்
மழை மேலேயிருந்து மட்டுமா வருகிறது?

ஒரு கையில் நூற்றெட்டு,
மறு கையில் எழுபத்திரண்டு.
வித்தியாசம் நூற்றிருபது கிராம்.
மடுவத்தில் ஈரத்துக்கென்று கழிக்கிற இரண்டு கிலோவைப்
பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான்,
நூற்றிருபது கிராமுக்கு
யாரோடும் சண்டைக்குப் போவேன்.

விலையை ரெஜினோல்ட் வாயால் சொல்லவில்லை.
கல்குலேட்டரைத் திருப்பி வைத்தான்.
நான்கு மாதச் சம்பளம்.
சீட்டு கட்டாமல், தலைக்கு எண்ணெய் வாங்காமல்,
தீபாவளி முற்பணத்தையும் சேர்த்து.
சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் அவன்
தன் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றினான்.
அதே வகை, அதே நூற்றெட்டு.
மூடியை நெம்பியதும்
ஒரு தேக்கரண்டிச் சாயத்தண்ணி
மேசைமேல் வழிந்தது. சீனி போடாதது.
நாலு நாக்கில் ஒன்று
துருவோடு படுத்துக்கிடந்தது, எழுப்ப எழுப்ப எழும்பவில்லை.
"எடையைக் குறைக்கப் போயி
ரப்பர் உதட்ட மெல்லிசாக்கிட்டானுங்க" என்றான்.
"போன மாசந்தான் கிரீஸ் வச்சேன்."

எழுபத்திரண்டுக்கு உதடு தடிமன்.
பெயரிங் நம்பர் ஆறு ஒன்பது பூச்சியம் இரண்டு,
கெட்டால் ஹட்டனில் ஏதாவது லாச்சியில் கிடைக்கும்.
ஐந்து பாகைதான் வெறுமனே போகும்.
எல்லாம் சரி.
ஆனால் அதில் முப்பத்திரண்டு துளை.
தோஹாவிலிருந்து தயாபரன் அத்தான்
மெத்தைக்குள் சுருட்டி அனுப்பிய ரிம்மில் இருபத்தெட்டு.
எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.
நாலு துளை எங்கேயாவது ஒளிந்திருக்குமோ என்று
விரலை விட்டுக்கூடப் பார்த்தேன்.

பழைய முப்பத்திரண்டு ரிம் ஒன்று
ரெஜினோல்ட் கடைப் பரணில் கிடந்தது.
ஒரு பக்கம் சொட்டை.
இரண்டு இரவு கம்பி முறுக்கி நேராக்கினோம்,
முழுதாக அல்ல.
தோஹா ரிம்
லயத்துச் சுவர் ஆணியில் தொங்குகிறது.
அதில் அம்மாவின் படங்கு காய்கிறது.
அத்தான் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம்
போனை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

மிதித்தால் வாய் மூடும்,
காலை ஓய்த்தால் பேசத் தொடங்கும்
இந்தக் குடம்.
மலைக்குப் போகிற எங்கள் பெண்கள் நேர்மாறு.
கை ஓடும்போதுதான் அவர்களுக்குக் கதையும் ஓடும்.

ஞாயிறு காலை, அரைநாள் பேருக்கு
ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து நடந்தது.
மூட்டத்தில் முன்சக்கரமே எனக்குத் தெரியவில்லை.
மிதிக்காமல் இறக்கத்தில் விட்டேன்.
எழுபத்திரண்டும் கடகடவென்று
எனக்கு முன்னால் இறங்கிப் போயின.
வளைவில் கூடைகள்
திரும்பிப் பாராமலே ஒதுங்கின.
மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்:
"யாருடி அது,
பல்லக் கடிச்சிக்கிட்டு வர்றது?"