பி-2, நாற்பத்தேழு

தும்கூர் ரோட்டு மொத்தக்கடையில்
அரிசி மூட்டைகள் தாண்டி
அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் தாண்டி
கடைசி வரிசையில் நின்றது:
ஐந்து இழுப்பறை, நான்கு சக்கரம், ஒரு பூட்டு.
சிவப்புதான். ஆனால் தபால்பெட்டிச் சிவப்பு இல்லை,
போன வருடத்து மிளகாய்த்தூள்.

பக்கத்திலேயே பேர்போன ஜெர்மன்காரன்.
விலை, என் இரண்டு மாத வாடகை.
அவன் இழுப்பறை
எண்ணெய் தேய்த்த தலையில் சீப்பு போல வந்தது.
இவனுடையது திறக்குமுன்
தொண்டையைச் செருமிக்கொண்டது.

“இது நம்தே பிராண்டு மேடம்” என்றான் லோஹித்,
தங்கைக்கு வரன் பேசுகிறவன் குரலில்.

பதினைந்து கிலோ தாங்கும் என்று ஒட்டியிருந்தது.
மென்பொருளில் குறை கண்டுபிடித்துச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.
மளிகை வரிசைக்குப் போய்
ஐந்து கிலோ துவரம்பருப்பு மூன்று பொட்டலம்
தள்ளுவண்டியில் கொண்டுவந்து
மூன்றாவது இழுப்பறையில் வைத்து
முழுக்க வெளியே இழுத்தேன்.
லேசாகத் தலை குனிந்தது. விழவில்லை.
என் கைப்பையையும் மேலே வைத்தேன்.
அப்போதும் விழவில்லை.

சாவியில் 07 என்றிருந்தது.
அடுத்த பெட்டியில் போட்டுப் பார்த்தேன், திறந்தது.
அதற்கடுத்ததும்.
லோஹித் மேலே மின்விசிறியைப் பார்த்தான்.
பிறகு மெதுவாக,
“பூட்டு திருடனுக்கில்லை மேடம்,
உருட்டும்போது வாய் திறக்காமலிருக்க.”
அந்த ஒரு பேச்சுக்காகவே
பில் போடச் சொன்னேன்.

காரை விற்றது மார்ச்சில்.
யார் ஓட்டியது, யார் விற்கச் சொன்னது
எல்லாம் இங்கே வேண்டாம்.
பேஸ்மென்டில் பி-2, நாற்பத்தேழு
என் பேரில் இருக்கிறது, அது போதும்.
ஒரு எண்ணெய்க் கறை,
இரண்டு மஞ்சள் கோடு, நடுவே
பதினாறடிக்கு எட்டடி வெறும் சிமென்ட்.
வாட்ச்மேன் துர்கப்பா அதில்
தன் சைக்கிளை நிறுத்தத் தொடங்கியிருந்தார்.
செயினைக் கழற்றி மாட்டிக் கொடுத்தேன்.
அப்புறம் ஒரு ஸ்கூட்டர், யாரோ ஒருவரின் மிக்சி.
அப்படித்தான் பெட்டி தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் சங்கத்திலிருந்து கடிதம்:
வாகனம் தவிர
வேறு பொருட்கள் நிறுத்துமிடத்தில் கூடாது.
பதில் எழுதினேன்:
சக்கரம் நான்கு. முன்னிரண்டும் திரும்பும்.
பிரேக் உண்டு. புகை இல்லை.
சென்ற ஆண்டு உங்கள் பேரனின் வண்டி
தூணில் மோதியது போல
இது எதிலும் மோதியதில்லை.

செயலாளர் புட்டசாமி நேரில் இறங்கி வந்தார்.
சுற்றி வந்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார்.
“ஸ்டிக்கர் எங்கே?” என்றார்.
சிரிக்கிறாரா என்று இருட்டில் தெரியவில்லை.
காரின் கண்ணாடியிலிருந்து
பிளேடால் உரித்து வைத்திருந்த ஸ்டிக்கர்
ஓரம் சுருண்டு கைப்பையில் கிடந்தது.
ஃபெவிக்விக் தொட்டு மூடியில் ஒட்டினேன்.
மறுவாரம் அவர் வீட்டுக் குழாய்.

ஞாயிறு முழுக்க அடுக்கினேன்.
மேல் தட்டில் ஸ்குரூடிரைவர்கள், டெஸ்டர்,
அதன் கீழ் ஸ்பானர்கள்,
பஞ்சுத் தகட்டில் அளவு வரைந்து வெட்டி,
எட்டு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு.

பத்து இல்லை.
காரின் டிக்கியில்
ஸ்டெப்னிக்கு அடியில் இருந்திருக்கும்.
ஓசூரிலோ கோலாரிலோ
இப்போது கிலுகிலுத்துக்கொண்டு போகும்.
வாங்கியவரின் எண் போனில் இருக்கிறது.

எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

எஸ்.பி. ரோட்டில் எண்பத்தைந்து ரூபாய்,
வேறு கம்பெனி, கழுத்து கொஞ்சம் தடிமன்.
வரைந்த பள்ளத்தில் உட்காரவில்லை.
பிளேடை எடுத்து
பள்ளத்தை அகலமாக்கினேன்.

தரை சாய்வு போலிருக்கிறது.
ராத்திரி பூட்ட மறந்தால்
அடி இழுப்பறை தானாக
நாலு விரல்கடை வெளியே வந்து நிற்கும்.
காலையில் ஆபீஸ் போகும் வழியில்
முழங்காலால் ஒரு தட்டு.
செருமிக்கொண்டு உள்ளே போகும்.