வரிசையை விட்டு விலகி நிற்கவும்

கரடிப்போக்குச் சந்தியில்
ரயர்க்கடைக்கு மேல்மாடி.
ஒரு மின்விசிறி, ஒரு பிறின்ரர், நான்.
ரிக்கற் போட வருகிறவர்கள்
படியிறங்கும்போதுதான் கேட்பார்கள்:
'முன்பக்கச் சீற்றுக்கு ஏத்திவிட ஏதும் வழி இருக்கோ?'

ரொறன்ரோ குலேந்திரன் வருடா வருடம் கேட்பார்.
கோட் போட்டுப் போனால் தருவாங்களாமே?
முழங்கால் நோ எண்டு சொன்னால்?
இந்தமுறை கவுண்டரில் நிற்பவளுக்கு
சொக்லேற் பெட்டியொன்றும் வாங்கி வைத்திருந்தார்.
அண்ணை, என்றேன்,
கோட்டைப் பார்க்கிறது மனிசர்.
முடிவெடுக்கிறது கொம்பியூட்டர்.
அது சொக்லேற் தின்னாது.

இருக்கிற ஆசனத்தைவிடக் கூடுதலாய் விற்பார்கள்,
முல்லைத்தீவுக் கடைசி பஸ் மாதிரி.
நாலுபேர் வரமாட்டார்கள் என்பது கணக்கு.
எல்லோரும் வந்துவிட்ட இரவுகளில்
பின்னால் பிதுங்கும், முன்னால் காலியாய்க் கிடக்கும்.
அப்போது ஒரு பட்டியல் ஓடும்:
புள்ளி சேர்த்தவன்,
கூடிய விலை கொடுத்தவன்,
பிறகு, தனியாய்ப் போகிறவர்கள்.
தனியாய் இருப்பவரை நகர்த்துவது சுகம்.

மல்லாவிச் சுகிர்தமலர்
அந்தப் பட்டியலில் அடிக்கும் அடி.
குவைத்தில் வீட்டுவேலை, லீவு முடிந்து திரும்புகிறாள்.
இருந்ததில் மலிந்த ரிக்கற்.
ஐந்நூறு ஐந்நூறாய் எண்ணித் தந்தாள்.

மூன்று தடவை பறந்தவள்.
வாசல் மெஷின் பச்சை காட்டும் என்று தெரியும்.
அன்றைக்குச் சிவப்பு. ஒரு 'பீப்'.
சீருடைக்காரன் திரையைப் பார்த்தான்,
அவளைப் பார்த்தான்,
திரும்பவும் திரையைப் பார்த்தான்.
சிங்களத்தில் சொன்னான்:
வரிசையை விட்டு விலகி நில்லுங்கோ.

ஓமந்தையில் இதே வசனம் கேட்டு
விலகிய அவளுடைய தம்பி
இத்தனை வருடமாய்
விலகியே நிற்கிறான்.

அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்தாள்.
ஒருவரும் கேட்கவில்லை.
பிறந்த இடம், கடைசியாய் இருந்த முகாம்,
வலயம், கூடார இலக்கம்
எல்லாவற்றையும் வாய்க்குள் அடுக்கி வைத்தாள்.
அவளைத் தாண்டி ஐம்பது அறுபது பேர் போனார்கள்.
திரும்பிப் பார்க்காமல் போகிற அந்த நடையும்
அவளுக்குப் பழக்கம்.

பிறகு அவன் பழைய அட்டையைக் கிழித்தான்.
புதியதை நீட்டினான்: மூன்று ஏ.
சிரித்தும் இருக்கிறான். அவள் கவனிக்கவில்லை.

மூன்று ஏயில் காலை முழுதாய் நீட்டலாம்.
அவள் நீட்டவில்லை.
சாப்பாட்டு அட்டையில் விலை போட்டிருக்கவில்லை.
விலை போடாத சாமானெல்லாம் விலை கூடினது என்று
ஐந்து மணித்தியாலமும் தண்ணீர்தான்,
அதுவும் அவர்களாய் ஊற்றியது.

இறங்கியதும் எனக்கு வட்ஸப்பில் குரல்:
'தம்பி, மிச்சம் எவ்வளவு கட்டவேணும்?
மாதம் மாதம் தந்தால் எடுப்பாங்களோ?'

ஒன்றும் கட்டத் தேவையில்லை என்றேன்.
'அப்ப ஏன் என்னைக் கூப்பிட்டவங்கள்?'

யாரோ ஒரு குடும்பத்துக்கு
நாலு சீற் ஒன்றாய்த் தேவைப்பட்டிருக்கும்,
நடுவில் இவள் இருந்திருப்பாள்.
முப்பத்தோராம் வரிசையில்
பெல்ட் அறுந்தும் இருந்திருக்கலாம்.
எனக்கு அதையெல்லாம் எவரும் எழுதி அனுப்புவதில்லை.
'சும்மா அக்கா' என்றேன்.

பதிவு செய்கிறாள் என்று திரை காட்டியது,
கனநேரமாய்.
வந்து சேர்ந்தது நாலு விநாடி:
'சும்மாவும் கூப்பிடுவாங்களோ, தம்பி.'

நேற்று குலேந்திரன் அண்ணை எடுத்தார்.
நாற்பத்திரண்டு ஈ, கக்கூசுக்குப் பக்கம்.
சொக்லேற்றை மட்டும் ஏற்றுக்கொண்டார்களாம்.
அடுத்தமுறைக்கு வேறொரு யோசனை வைத்திருக்கிறாராம்,
சொல்லிக்கொண்டே போனார்.

கீழே ரயருக்குக் காற்றடிக்கிறார்கள்.
நிறைந்ததும் அந்த மெஷினும்
ஒரு 'பீப்' போடும்.