இரண்டு மாத்திரை

பையில் இருப்பதையெல்லாம் எடு என்றேன்.
ஒரு திருகாணி. இருபது சென்ட் நாணயம்.
மூலை மடங்கிய ஐஸ் ஹாக்கி அட்டை.
ஜிப்பில் உலோகப் பல் இருந்ததால்
கம்பளிச் சட்டையும் போயிற்று.
காந்தத்தின் முன் எல்லோரும் கொஞ்சம் ஏழை.

ஒவுலு நகரம். பிப்ரவரி. பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்து நான்கு.
தாவெத்தி, வயது ஒன்பது.
கொள்ளுத்தாத்தாவின் பெயரை இவனுக்கு வைத்தார்கள்,
அதில் இரண்டு கண்ணிகள் இருப்பதை யோசிக்காமல்:
தா என்று நீள வேண்டும், த்தி என்று அழுந்த வேண்டும்.
இந்த ஊரில் நெடிலுக்குத் துணைக்கால் கிடையாது,
அதே எழுத்தை இன்னொரு முறை எழுதினால் அதுதான் நெடில்.
படிவத்தில் எழுதினான்: தவெத்தி.
அடித்துவிட்டு எழுதினான்: தாவெதி.

இதற்கு மாத்திரை இல்லையா என்றாள் அவன் அம்மா மர்யுத்.
இல்லை என்றேன்.
சிக்கலே மாத்திரைதான்.

துலி என்றால் நெருப்பு.
தூலி என்றால் காற்று.
துல்லி என்றால் சுங்கம்.
மூன்றுக்கும் நடுவே ஓர் இமைப்பொழுது.
தொட்டிலில் கிடக்கும்போதே சில காதுகள்
அந்தப் பொழுதை வேறுவிதமாக அளக்கின்றன.

படிப்பதற்கென்று மூளையில் யாரும் இடம் ஒதுக்கிவைக்கவில்லை.
பேச்சு பழைய சொந்தம். எழுத்து நேற்று வந்தது.
இடக்காதுக்குப் பின்னால், அடிப்பக்கம்,
முகங்களையும் பொருள்களையும்
அடையாளம் கண்டுகொண்டிருந்த பகுதியில்
ஆறேழு வயதில் எழுத்துகள் வந்து குடியேறுகின்றன,
முன்பணம்கூடக் கொடுக்காமல்.
அங்கே பழைய சட்டம் ஒன்று உண்டு:
இடம் பார்த்து நின்றாலும் வலம் பார்த்து நின்றாலும்
கலைமான் கலைமான்தான்.
எழுத்துக்காக அதை மறக்க எல்லாக் குழந்தைகளும் தடுமாறும்.
இவனும் தடுமாறினான், மறந்தான்.
அது இவன் கதையல்ல.
கண்ணில் ஒன்றுமில்லை. அறிவில் ஒன்றுமில்லை.
கண்ட எழுத்திலிருந்து கேட்ட ஒலிக்குப் போகும் தெருவில்
பனி வாரும் வண்டி வருவதில்லை.
முழங்கால் புதையப் புதைய
நடந்தே போகிறான்.

திரையில் ஒரு சொல், இரண்டு விநாடி.
நெருப்பா, காற்றா, சுங்கமா? மூன்று பொத்தான்கள்.
மொத்தம் இருபது சொற்கள்.
கணினி சொன்னது: சரி ஆறு.
கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் ஆறேழு வரும்.

தேநீர் ஆறட்டும் என்று
விடைப் பட்டியலைச் சும்மா உருட்டினேன்.
மூன்றாம் சொல்லின் விடை நான்காம் வரியில் இருந்தது.
நான்காம் சொல்லின் விடை ஐந்தாம் வரியில்.
மொத்தப் பத்தியையும் ஒரு படி மேலே நகர்த்தினேன்:
பத்தொன்பதில் பதினேழு.
கடைசிச் சொல்லுக்கு அவன் பொத்தானை அழுத்தும்போது
எந்திரம் பதிவை முடித்துவிட்டிருந்தது.

படத்தில் அந்தக் குடியிருப்பு மங்கலாகத்தான் தெரிந்தது.
முன்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் வெளிச்சம்,
ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்தவர்களைப் போல.

வரியை நகர்த்த நெறிமுறையில் இடமில்லை.
தவறு பதினான்கு என்றுதான் கோப்பு போகும்.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
ஒரு சொல் பிந்தி வருகிறான். ஆனால் வருகிறான்.
இரண்டாம் வாக்கியத்தை அழித்தேன்.
கொஞ்சம் கழித்து மறுபடி போட்டேன்.

சினிமா டிக்கெட் கொடுத்தோம், ரசீதில் கையெழுத்து வேண்டும்.
மர்யுத் அதற்குள் கையுறை மாட்டியிருந்தாள்.
த். அ.
நின்றான். உதடு மட்டும் அசைந்தது.
இன்னொரு அ.
வாசலில் டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார், குறில்.
பிறகு பொறுமை போய், நெடில்.
என் மேசையில் அந்தத் திருகாணி கிடந்தது,
எதிலிருந்து கழன்றதோ.
தாவெத்தி நிமிரவில்லை.
இன்னும் ஒரு த் பாக்கி இருந்தது.