நீக்கப்பட்ட நேரம்

ஒன்பதுக்குக் கரண்ட் வரும் என்றார்கள்,
பத்தே காலுக்கு வந்தது.
பஸுண்டாங் கிட்டங்கி மாடியில்
லேப்டாப்பைத் திறந்தேன்.
கீழே லாரியிலிருந்து உளுந்து மூட்டைகள்
தொப் தொப்பென்று விழுந்தன,
விழுந்த ஒவ்வொன்றும்
என் டேபிளில் ஒரு வரிசை.

முதலில் உடைமைக்காரர்.
அவரைச் சேமித்த பிறகுதான்
அவருக்கு ஓர் எண் பிறக்கும்.
அந்த எண்ணை எடுத்து லாட்டின் நெற்றியில்,
லாட்டின் எண்ணை மூட்டையின் நெற்றியில்.
முறை தப்பினால் பிஎச்பி சிவப்பெழுத்தில் கத்தும்,
யார் வீட்டது என்று தெரியாததை
உள்ளே விடமாட்டேன் என்று,
குடிநுழைவுக் கவுண்டர் மாதிரி.

ஃபாரின் கீ என்று பெயர் அந்த எண்ணுக்கு.
அப்பாவிடமும் ஒரு ஃபாரினர் அட்டை இருந்தது.
த்வாண்டேயில் பிறந்த மனுஷன்
வருஷா வருஷம் காசு கட்டிப் புதுப்பித்தார்,
தான் த்வாண்டேக்காரன் இல்லை என்பதை.
என் டேபிளில் அதே சொல்லுக்கு
அடுத்த அறையில் உனக்கு ஆள் இருக்கிறது
என்று அர்த்தம்.
இதை அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்,
அல்லது கணக்குப் போட்டிருப்பார்,
மொத்தம் எவ்வளவு கட்டினோம் என்று.

போன மாதம் திரை நகரவேயில்லை.
நானூறு லாட்டைக் கேட்டிருந்தேன்.
என் நிரல் ஒவ்வொரு லாட்டுக்கும் தனியாக ஓடி
"உன் ஆள் யார்?" என்று விசாரித்துத் திரும்பியது.
நானூற்றியொரு நடை.
எதிர்க்கடைப் பையன்
பன்னிரண்டு லஃபெயேயை ஒரே தட்டில் ஏந்தி
படியேறி வந்தபோதுதான் உறைத்தது.
ஒற்றை 'வித்' சேர்த்தேன்:
வரும்போதே உறவுகளையும் கூட்டிக்கொண்டு வா.
இரண்டே நடை.
முதலாளி கோ ச்சோ மின்
"மெஷின் மாத்திட்டியா?" என்றார்.

கரண்ட் நடுவில் போனால்
உடைமைக்காரர் உள்ளே, மூட்டைகள் தெருவில்.
அதற்காக டிரான்ஸாக்ஷன்:
எல்லாம் ஏறினால் ஏறியது,
ஒன்று தவறினாலும்
எதுவுமே நடக்கவில்லை என்று ஆக்கிவிடலாம்.
(இந்த வசதி ஊருக்கு இல்லை.)

உடைமைக்காரர் எண் 417.
பத்திரத்தில் அவுங் மோ,
வீட்டில் குழந்தைவேல்.
என் தம்பி.
படைக்கு ஆள் எடுக்கும் பட்டியல் ஒட்டிய வாரம்
மியாவடி பஸ் ஏறினான்.
வார்டு ஆபீஸிலிருந்து வந்து
குடும்பப் பட்டியலைப் புரட்டிவிட்டுப் போனார்கள்.
மறுநாள் கோ ச்சோ மின் என்னைப் பார்க்காமல் சொன்னார்,
அந்தக் கணக்கை எடுத்துடு.

எடுக்கலாம்.
வரிசையை அழித்தால் அவன் லாட்டுகளும் அழியும்,
லாட்டோடு முப்பத்தாறு மூட்டைகளும்.
அப்படித்தான் போன வருஷம் நானே எழுதி வைத்தேன்,
வேர் போனால் கிளையும் போகட்டும் என்று,
என்னவோ பெரிய தெளிவோடு.
இல்லையென்றால் மூட்டைகள் இருக்கும்,
ஆள் இருக்கும் இடத்தில் நல்.

இரண்டும் செய்யவில்லை.
'நீக்கப்பட்ட நேரம்' என்று ஒரு பத்தி சேர்த்தேன்.
அதில் தேதியும் மணியும் விழுந்தால் போதும்,
அதற்குப் பிறகு எந்தக் கேள்வியும்
அவனைப் பார்த்தும் பார்க்காததுபோல்
கடந்து போகும்.
தெருவிலும் இப்போது அப்படித்தான் போகிறார்கள்.

இன்று எல்லோரும் சாப்பிடப் போனதும்
நீக்கியவர்களையும் சேர்த்துக் காட்டு என்றேன்.
வந்தான்.
முப்பத்தாறு மூட்டையும் கூடவே வந்தன.
பெயர்கள் டேபிளில் அவனுக்கு இரண்டு வரிசை,
இரண்டாவது தமிழில்,
வேல் என்பதில் ஒற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது.
அதைத் திருத்தினேன். சேமித்தேன்.

பிறகு 'ரெஸ்டோர்' என்று அடித்துவிட்டு
என்டர் மேல் விரலை வைத்தபடி இருந்தேன்.
மின்விசிறி நின்றது.
பேட்டரி பதினொரு சதவீதம்.
கீழே இருட்டில் யாரோ மூட்டை எண்ணினார்கள்,
தித், நித், தௌன்,
நாலு, அஞ்சு, ஆறு.