செல்லாக்காசு

சமார் தீவின் கிழக்குக் கரையில்
எங்கள் பள்ளிக்கு இரண்டே அறை.
ஒன்றில் வாக்குப்பெட்டி.
மற்றதில் மழை ஒழுகுகிறது.

அதிபர் தேர்தல் என்றால்
இயந்திரம் சீட்டை விழுங்கும், அவ்வளவுதான்.
மணிலாவில் யாரோ ஜெயிப்பார்.
எங்கள் ஆட்கள் வலையைத் தூக்கிக்கொண்டு
கடலுக்குப் போய்விடுவார்கள்.
நாடு என்பது வானொலியில் கரகரப்பது.

ஊர்த்தலைவர் தேர்தல் அப்படியில்லை.
பெயரைக் கையால் எழுத வேண்டும்,
ஒவ்வொரு சீட்டையும் நான் உரக்க வாசிக்க வேண்டும்.
ஜன்னல் கம்பிகளில் முகங்கள், குடைகள்,
யாரோ அக்குளில் இடுக்கிய சேவல்.
மக்பனுவா என்றால் ஒரு பக்கம் மூச்சு விடும்,
அப்ரெனிகா என்றால் மறுபக்கம்.
ரொசாலியா கோடு போடுவாள்:
நான்கு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே.

அப்ரெனிகா கொடுத்தனுப்பிய அரிசி
எல்லார் வயிற்றிலும் இருந்தது.
என் வயிற்றிலும்.

இருநூற்றுப் பன்னிரண்டு.
இருநூற்றுப் பன்னிரண்டு.
பெட்டியில் ஒரு சீட்டு மிச்சம்.

பிரித்தேன். பெயரில்லை.
'புயலுக்கப்புறம் பாலம் போட்டாரே, அவர்.'

போட்டது மக்பனுவா. சேவலுக்கும் தெரியும்.
இடப்பக்கம் சாய்கிற அந்தக் கையெழுத்தும்
எனக்குத் தெரியும்;
ஐஸ் கம்பெனிச் சிட்டைகளில் பார்த்தது.
இலுமினாதோ.
ஐம்பத்தெட்டு வயதுவரை
சாவடிப் பக்கமே வராதவர்.

பெயர் இல்லையென்றால் செல்லாது. விதி.
ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன்,
பிறகு, செல்லாது என்றேன்.
ரொசாலியாவின் பேனா
எந்தப் பக்கமும் இறங்காமல் நின்றது.

மறுநாள் நகராட்சி அலுவலகத்தில்
ஐந்து பெசோ நாணயத்தைச் சுண்டினார்கள்.
அது மேசைக்கடியில் ஓடிவிட்டது.
நாற்காலிகளை நகர்த்தி, முழங்காலிட்டு,
டார்ச் அடித்துத் தேடினோம்
எங்கள் தலைவரை.

அப்ரெனிகா.

எல்லாமே சூதாட்டம் என்றார்கள் சிலர்.
திருடியிருந்தால் சரிசமமாகவா வரும்
என்றாள் மீன்காரி ஹெர்மோஹினா.
ஓட்டுப் போடாமல் தூங்கிப்போன என் கணவர்
அன்று முழுக்க வாய் திறக்கவில்லை.

மாலை, படகுத்துறையில் இலுமினாதோ.
விரலில் மை காயாதது போல் கறுப்பு.
"டீச்சர், என்னோட..." என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டார். ரகசியம் அல்லவா.
"எல்லாச் சீட்டையும் வாசித்தேன்" என்றேன்.
"தெரியும். ஜன்னலில்தான் நின்றேன்.
சத்தமாகத்தான் வாசித்தீர்கள்."

குற்றம் சொன்னாரா, நன்றி சொன்னாரா,
இன்றுவரை பிடிபடவில்லை.
பாலத்தில் மூன்றாவது பலகை ஆடியது.
யாரிடம் போய்ச் சொல்வது என்று
ஆளுக்கொரு யோசனையோடு
தாண்டினோம்.