கீழ்வீட்டு மணி

இருநூற்று நாற்பது லிட்டர்.
ஆஸ்ட்ரவாவில், நான்காம் மாடியில்
என் வீட்டிலேயே அதிக கனம்
அந்தத் தண்ணீர்தான்.

பிப்ரவரியில் தொட்டியின் ஒரு மூலை பசை விட்டது.
சத்தமே இல்லை.
நான் இரவு டிராம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.
என் தண்ணீர் இன்னொருவர் கூரையில்
ஆட்டுத்தலை போல ஒரு கறையை
நிதானமாக வரைந்துகொண்டிருந்தது.

ஸெத்லாக் கதவைத் தட்டவில்லை.
குத்தினார்.
சிறுதுளி பெருவெள்ளம் என்பது
சேமிக்கிறவர்களுக்குச் சொல்லும் புத்திமதி.
கீழ்வீட்டில் படுப்பவருக்கு
அது வெறும் தகவல்.

பசையை மாற்றினேன்.
சந்தேகத்தை மாற்ற முடியவில்லை.

முதலில் செய்தது:
துணி மாட்டும் மரக் கிளிப் ஒன்று,
இரண்டு உதட்டிலும் பித்தளை ஊசி,
நடுவே ஒரு சர்க்கரைக் கட்டி.
நனைந்தால் கரையும்,
கரைந்தால் வாய் மூடும்.
வாயை மூடியதும் கத்துகிற பிராணி
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் நண்பகலில் கத்தியது.
தரை காய்ந்திருந்தது.
சர்க்கரையைக் காணவில்லை.
மேசைக்கு அடியில் என் நாய் ஃபேரா
மீசையை நக்கிக்கொண்டிருந்தது.
கருவியைக் குறை சொல்ல முடியாது,
நாக்கின் ஈரமும் ஈரம்தானே.

அடுத்தது
தோல் உரித்த இரண்டு செம்புக் கம்பிகள்,
இடையில் ஒரு பஞ்சுப் பட்டை,
விரல்நகம் அளவு டிரான்சிஸ்டர்,
ஒன்பது வோல்ட் பேட்டரி,
செத்துப்போன புகைமணி ஒன்றிலிருந்து
நான் பிடுங்கிய தொண்டை.
குழாய்த் தண்ணீரைச் சொட்டினேன். அலறியது.
தொட்டித் தண்ணீரைச் சொட்டினேன். ஊமை.
என் மீன்களுக்கு மழை மாதிரி மென்மையான தண்ணீர்தான் ஆகும்.
மின்சாரம் ஏறிப் போக
அதில் ஒன்றுமே கிடையாது.

பஞ்சின்மேல் ஒரு சிட்டிகை உப்புத் தூவினேன்.
இப்போது எந்தத் தண்ணீர் வந்தாலும்
உப்பைத் தின்றுவிட்டுத்தான் நகரவேண்டும்,
தின்ற வாய் சும்மா இருக்காது.

மணி அடித்தது. கைதட்டினேன்.
தட்டிய கை பாதியில் நின்றது.
இரவெல்லாம் நான் தண்டவாளத்தில்.
ஆளில்லாத வீட்டில் அடிப்பது
மணியா,
மீன்களுக்குத் தாலாட்டா?

வெந்நீர்க் குழாய் தரையைத் துளைத்து இறங்குகிற
அந்தச் சந்து வழியாக
பத்து மீட்டர் ஒயரைக் கீழே விட்டேன்.
மறுமுனையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.
பிறகு வெகுநேரம் பேச்சில்லை.
"கட்டிலுக்கு மேலே வேண்டாம்,
கடிகாரத்துக்குப் பக்கத்தில்" என்று குரல் வந்தது.
இருபத்திரண்டு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர்.
சொட்டுச் சத்தம் கேட்டால்
அங்கே சீட்டாட்டத்தை நிறுத்துவார்களாம்.
என் மாற்றுச்சாவியையும்
அதே சந்தில் நூல் கட்டி இறக்கினேன்.

ஜூலையில், இடி முழங்கிய ஓர் இரவு,
காற்றே நீராக இருந்தது.
உப்பு தானாகக் கசிந்தது.
இரண்டே முக்காலுக்கு
வாளியும் துடைப்பானுமாக
செருப்புக் காலோடு அவர் ஏறி வந்திருக்கிறார்.
தொட்டியின் நான்கு மூலையையும் தடவிப் பார்த்திருக்கிறார்.
ஒரு துளி இல்லை.

ஐந்து மணிக்கு நான் கதவைத் திறந்தபோது
தொட்டிக்கு முன்னால் நாற்காலி.
மடியில் வாளி.
பாதத்தின்மேல் ஃபேரா.
கறையாக மட்டுமே அவர் அறிந்திருந்த தண்ணீர்
பச்சையாக அவர் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"அந்த மரக்கட்டைக்கு அடியில் ஒருத்தன் இருக்கிறானே,
கோடு போட்டவன்?"

அவன் வெளியே வரமாட்டான் என்றேன்.
நானே வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம்.

"எனக்கு வந்தான்" என்றார்.
"இரண்டு தடவை."

எழுந்தார். வாளியை எடுத்துக்கொண்டார்.
படியில் பாதி இறங்கியபின்
திரும்பாமலே சொன்னார்:

"வெள்ளையடிக்கிற காசு
இன்னும் வரவில்லை."